ரெண்டும் சின்னது, பார்த்துப் போட்டுக்கோ

எங்கள் ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் கொடுக்கும் கவுன்ட்டரில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். கவரை வாங்குகிறவர்கள் யாரும் வீட்டுக்குப் போய்ப் பிரித்ததில்லை. என் மூக்குக்கு முன்னாலேயே கிழித்துவிட்டு, மேலே உள்ளதையெல்லாம் தாண்டிக் கடைசி வரிக்குத் தாவுவார்கள். ஒரு நாள் ஒரு பெரியவர் அப்படித் தாவிப் படித்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பித்தப்பை சுருங்கிவிட்டதாம், இனி எத்தனை நாளோ என்று கண் கலங்கினார். நான் பின் அறைக்குப் போய், ரிப்போர்ட் டைப் செய்யும் அகராதியைக் கூட்டி வந்தேன். ஸ்கேனுக்கு முன்னால் சாப்பிட்டாரா என்று மட்டும் அவள் கேட்டாள். வயிறு முட்டச் சாப்பிட்டதாக ஒத்துக்கொண்டார்.

"கான்ட்ராக்டட்னுதான் போட்டிருக்கேங்கய்யா. சாப்பிட்டா பித்தப்பை அப்படித்தான் சுருங்கும், பசிச்சா விரிஞ்சுடும். ஷ்ரங்கன்னு போட்டிருந்தா நீங்க பயப்படலாம்."

பெரியவர் எங்களை வாழ்த்திவிட்டுப் போனார். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியும் கேட்காத அவருக்குக் கொடுக்க வைத்திருந்த டோஸை நான் மென்று விழுங்கினேன்.

அகராதி என்பது நான் வைத்த பெயர். அவள் வேலைக்கு வந்த முதல் வாரம், திமிர் பிடித்தவள் என்ற அர்த்தத்தில்தான் வைத்தேன். டாக்டர் சொல்வதை டைப் செய்ய வந்தவள், சொன்ன வார்த்தை சரியில்லை என்று அவர் அறைக்கே போய் நின்றால் வேறென்ன பெயர் வைப்பது? டாக்டர் ஒரு நாளைக்கு அறுபது வயிறு பார்ப்பவர், கோபப்படவும் நேரமில்லாதவர். நாளடைவில் அளவுகளை மட்டும் ரெக்கார்டரில் சொல்லிவிட்டு, "சின்னதா இருக்கு, பார்த்துப் போட்டுக்கோ" என்று விட்டுவிட ஆரம்பித்தார். அவள் படத்தைப் பார்த்து, எந்தச் சின்னது என்று முடிவு செய்வாள். அவர் கையெழுத்துப் போடுவார்.

டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே அவள் அதையெல்லாம் சொல்லுவாள். இங்கிலீஷ்காரன் ஒரே சின்னதுக்கு இத்தனை பெயர் வைத்திருக்கிறானே என்று நான் அலுத்துக்கொள்வேன். கட்டி மருந்துக்குப் பின்வாங்கினால் ரிக்ரஸ்டு. அதை டைப் செய்த நாளில் அவள் முகமே வேறாக இருக்கும். டிக்ரீஸ்டு என்றால் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். நாளைக்கே கூடலாம், துள்ளிக் குதிக்க வேண்டாம். ரத்த ஓட்டம் மங்கியிருந்தால் டிமினிஷ்டு. ஷ்ரங்கன் மட்டும் ஒருவழிப் பாதை. உறுப்பு வற்றிச் சுருங்கி, இனித் திரும்பாது என்றால்தான் அவள் விரல் அந்தச் சொல்லுக்குப் போகும். நாலு தரம் படத்தைப் பார்க்காமல் போட மாட்டாள்.

அவள் உட்கார்ந்திருந்த அறை, எக்ஸ்ரே படம் கழுவிய காலத்து இருட்டறை. ஜன்னல் கிடையாது. மேஜை, கம்ப்யூட்டர், ஹெட்போன், அவள். ஐந்தாவதாக எதையும் உள்ளே நுழைக்க முடியாது. தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு அவள் வீட்டுக்காரர் வீடியோ காலில் வருவார். போனைச் சுற்றிக் காட்டச் சொல்லுவார். அந்தப் பொந்துக்குள் யார் ஒளிந்திருப்பார்கள் என்று நினைத்தாரோ. அவளும் நாலு சுவரையும் காட்டுவாள். ஐந்தரைக்கு வாசலில் வண்டியோடு நிற்பார்.

அடிக்கிற ஆளில்லை. குரலைக்கூட உயர்த்த மாட்டார். பொண்டாட்டி மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று எங்கள் வாட்ச்மேனே சொல்லுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணமான புதிதில் அவள் லைப்ரரிக்குப் போய்க்கொண்டிருந்தாளாம், அது நின்றது. பிறகு தங்கை வீட்டுக்குப் போவது நின்றது, பிறகு தங்கையோடு போனில் பேசுவது. அதே வாட்ச்மேனைப் பார்த்துச் சிரித்ததற்கு மூன்று நாள் பேசாமல் இருந்தார். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத விஷயம். அதுதான் அந்த மனுஷனின் கெட்டிக்காரத்தனம்.

என் வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. இரண்டு ஜன்னல், தெருவைப் பார்த்த மாதிரி. வந்துவிடு என்று ஒரு வருஷம் சொன்னேன். கடைசியில் ஒரு நாள் டாக்டர் லீவு, மத்தியானம் வீடியோ காலுக்கு முன்னால் ஆட்டோவில் வந்து பார்த்தாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். வருகிற திங்கட்கிழமை என்று நாள் குறித்தோம். கைப்பையை வீட்டுக்காரர் துழாவுவார் என்பதால் நான் கொடுத்த மாடிச் சாவியைக் கீபோர்டுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

அதற்கு முந்தின வியாழக்கிழமை அவரே ஸ்கேனுக்கு வந்து நின்றார். ஒரு மாதமாகக் கால் வீங்குகிறது, சோர்வாக இருக்கிறது என்று அவர்கள் தெரு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். எடுத்து முடித்து வெளியே உட்கார வைத்தோம். அரை மணி நேரமாகியும் ரிப்போர்ட் வரவில்லை. நான் உள்ளே போனேன். திரையில் எல்லாம் டைப் ஆகியிருந்தது, கடைசி வரியைத் தவிர. அவள் ஹெட்போனை என் காதில் வைத்தாள். டாக்டர் கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்லியிருந்தார்: வலது கிட்னி ஏழு புள்ளி ஒன்று, இடது ஆறு புள்ளி ஒன்பது. ரெண்டும் சின்னது, பார்த்துப் போட்டுக்கோ.

பத்து சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது என்பது பதினோரு வருஷத்தில் எனக்கே தெரியும். படத்தை அவள் நாலு தரத்துக்கு மேல் பார்த்திருந்தாள்.

"டாக்டர் சொன்னது சின்னதுன்னுதானே. ஸ்மால்னே போட்டுடு" என்றேன்.

தெரு டாக்டர் கடைசி வரியைத் தவிர எதையும் படிக்க மாட்டார். சிலருக்குப் பிறவியிலேயே சின்னதாக இருக்கும் என்று நினைத்து வீக்கத்துக்கு மாத்திரை எழுதுவார். இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். அதற்குள் அவள் என் மாடியில் இருப்பாள். இதையெல்லாம் நான் புத்தி தெளிவாக இருக்கும்போதே சொன்னேன். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாள் மறுபடி வந்தால் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

"எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு வரிதான்க்கா. இதுலயும் பொய் எழுதிட்டு வந்தா, உங்க மாடியில வந்து உக்கார்றது யாரு?"

அப்படியானால் உள்ளதைப் போடு, போட்டுவிட்டுத் திங்கட்கிழமை வந்துவிடு, உன்னை யார் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று நான் எரிந்து விழுந்தேன். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ் மிஷின்ல படுக்கணும். கூட்டிட்டுப் போக அவருக்கு யார் இருக்கா? ஒருத்தரையும் அண்ட விடாம வச்சிருந்தது எனக்கு மட்டும் இல்லக்கா, அவருக்கும் சேர்த்துத்தான்."

டைப் செய்தாள். பைலேட்டரல் ஷ்ரங்கன் கிட்னீஸ். மூன்றே வார்த்தை. பிரின்ட்டர் அதைத் துப்பியது.

அவரும் என் மூக்குக்கு முன்னால்தான் கிழித்தார், கடைசி வரிக்குத்தான் தாவினார். சுருங்கியிருக்கிறது என்று போட்டிருக்கிறதே, வீக்கம் சுருங்கிவிட்டதா, நல்லதுதானே என்று என்னிடம் கேட்டார். நான் பின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவள் பின்னாலிருந்து வந்தாள்.

"வீக்கம் இல்லங்க. கிட்னி. ரெண்டும்."

"மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்ல?"

"இது திரும்பாது."

அந்த ஆளுக்கு இப்படி ஒரு நாள் வரவேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை. வந்தபோது சந்தோஷமாக இல்லை. முகம் வெளுத்துப்போய்ச் சின்னப் பிள்ளை மாதிரி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நீ இருக்கேல்ல என்று கேட்டார். இருக்கேன் என்றாள். அவருக்குப் பயம், எனக்குப் புரிந்தது. ஆனால் பிடி அதே பிடிதான்.

திங்கட்கிழமை என் மேஜையில் ஒரு ரிப்போர்ட் கவர் இருந்தது. மேலே 'அக்கா' என்று டைப் செய்து ஒட்டியிருந்தது. நானும் எல்லோரையும் போல அங்கேயே கிழித்தேன். தாள் எதுவும் இல்லை, டேப் ஒட்டிய சாவி மட்டும் விழுந்தது.

இப்போதும் ஒரு மணிக்கு அவருடைய வீடியோ கால் வருகிறது. வாரத்தில் மூன்று நாள் அவர் டயாலிசிஸ் மிஷினில் படுத்துக்கொண்டே கூப்பிடுகிறார். அந்த நாட்களில் அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்து உட்காருகிறாள், சாயங்காலம் அவளே போய்க் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். போனைச் சுற்றி நாலு சுவரையும் காட்டுகிறாள். எனக்கு அவள் மேல் கோபம் தீரவில்லை. அவளிடம் அதைச் சொல்லவும் இல்லை.

மாடி அறையைக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். ரொம்பச் சின்ன அறை, உங்களுக்குச் சரிப்படாது என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.