சத்தமே வராத பெட்டி

ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரத்துக்கு வைண்டர், அதாவது கழற்றி வைத்த கடிகாரத்தைச் சுற்றிச் சுற்றிச் சாவி ஏற்றும் பெட்டி, வாங்குவது எப்படி என்று யாராவது கேட்டால் என்னிடம் வாருங்கள். எனக்கு வேண்டாத விஷயம்தான், ஆனால் கரைத்துக் குடித்திருக்கிறேன். எத்தனை சுற்று, எந்தப் பக்கம் சுற்று, மோட்டார் முனகுமா முனகாதா, எல்லாம் தெரியும். என் வீட்டுக்காரரும் மகனும் எனக்குத் தெரியாமல் அதைப் பொறுக்கி எடுத்த அழகை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கடிகாரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் ஷிப்டு பார்த்து அவர் ஓய்வு பெற்றபோது, கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. அதற்கு பேட்டரி கிடையாது. கட்டியிருக்கும் கை அசைய அசைய உள்ளே சாவி ஏறும். கை சும்மா கிடந்தால் மறுநாள் நின்றுவிடும். "நான் நடந்தா அது நடக்கும்" என்று எங்கள் மணவாள நகர் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தார். அடுத்த வருஷமே பக்கவாதம். கால் தப்பித்தது, பேச்சு தப்பித்தது, இடது கை மட்டும் பிழிந்து போட்ட துணிபோல் மடியில் கிடந்தது.

திருவள்ளூரில் பிசியோதெரபி செய்கிற பெண் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். கை வருவதென்றால் இந்த முதல் சில மாதங்களில்தான் நன்றாக வரும், விட்டால் கஷ்டம். இடது கையை வலது கையால் பிடித்தாவது தூக்கி இறக்க வேண்டும், நீட்டி மடக்க வேண்டும். வலிக்கும், வலித்தாலும் விடக்கூடாது. வலது கைக்கு மாறியிருந்த கடிகாரத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

"இத லெஃப்ட்லயே கட்டுங்கப்பா. நைட்டு கழட்டி வெச்சிடுங்க. காலையில ஓடிக்கினு இருந்தா கைய நல்லா ஆட்டியிருக்கீங்கன்னு அர்த்தம். நின்னுபோயிருந்தா பத்தலன்னு அர்த்தம்."

எனக்கு அது வேதவாக்கு ஆகிவிட்டது. காலையில் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் கடிகாரத்தைத்தான் பார்ப்பேன். பாதி நாள் நின்றிருக்கும். ஒரு மத்தியானம் அவர் அதைக் கழற்றி வலது கையில் வைத்துக்கொண்டு, இருமல் மருந்து பாட்டிலைக் குலுக்குவதுபோல் குலுக்கிக்கொண்டிருந்தார். தெருவே கேட்கும்படி கத்தினேன். "யார ஏமாத்தறீங்க? என்னயா, அந்தப் பொண்ணயா?" என்றேன். மனுஷன் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அதற்கப்புறம் பெங்களூரில் வேலை செய்யும் மகனோடு அடிக்கடி போனில் பேச ஆரம்பித்தார். நான் சமையல்கட்டில் இருந்தால் அரைகுறையாகக் காதில் விழும். "சத்தமே வரக்கூடாதுடா, உங்கம்மா முழிச்சிக்கினா பேஜாரு." "கரண்ட் போனாலும் ஓடணும்." "ரெண்டு பக்கமும் சுத்தணும்டா, ஒரு பக்கம் மட்டும் சுத்துறது நமக்கு ஆவாது." நான் டேபிள் ஃபேன் வாங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். உடம்பு முடியாத நேரத்திலும் என் தூக்கத்தைப் பற்றி யோசிக்கிறாரே என்று மனசு இளகி, அன்றைக்குக் குழம்பிலிருந்த பெரிய மீன் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தேன். என் மடத்தனத்தை எந்தச் செருப்பால் அடிப்பது?

ஃபேன் வரவில்லை. ஆனால் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. தினமும் நான் எழுவதற்குள் மேஜைமேல் வந்து உட்கார்ந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் நின்றால் கூச்சமாக இருக்கிறது என்று கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்தார், அதாவது செய்யவில்லை. நான் அது தெரியாமல் அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லிப் பூரித்தேன். திருப்பாச்சூர் கோயிலுக்குப் போய் நெய்விளக்குப் போட்டேன். கடிகாரம் ஓடியதற்காகச் சிவனுக்கு விளக்குப் போட்ட ஒரே பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

அடுத்த முறை திருவள்ளூருக்குப் போனபோது அந்தப் பெண் கையைத் தூக்கச் சொன்னாள். தூக்க முடியவில்லை. தோள் இறுகிவிட்டது என்றாள். வீட்டில் பயிற்சியே நடக்கவில்லை போலிருக்கிறதே என்றாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "எங்க ஊட்ல கடிகாரம் ஒரு நாள் நின்னதில்ல. நீ சொன்ன கணக்குதானே? உனக்கு வைத்தியம் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு" என்று, வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கும்படி கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. "வாட்ச் ஓடுதுன்னா கை ஆடியிருக்கணுமேம்மா" என்றாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கடிகாரத்தைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டுப் படுத்தார். எங்கே என்று கேட்டேன். சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். பீரோவின் கீழ் டிராயரைத் திறந்தேன். அவருடைய வேட்டிகளுக்கு அடியில் கண்ணாடி மூடி போட்ட கறுப்புப் பெட்டி. உள்ளே கடிகாரம் வலது பக்கம் சுற்றியது, கொஞ்சம் நின்றது, பிறகு இடது பக்கம் சுற்றியது. காதை வைத்துக் கேட்டேன். நிஜமாகவே சத்தம் வரவில்லை.

மகனுக்குப் போன் போட்டேன். "சும்மா வெச்சா வாட்ச் கெட்டுப்பூடும்னு நைனாதான் கேட்டாரும்மா. நான் எவ்ளோ தேடி வாங்கினேன் தெரியுமா?" என்றான். நான் திட்டி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, "நல்லா சுத்துதாம்மா?" என்று கேட்டான். போனை வைத்துவிட்டேன்.

பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். "இது இன்னா? இன்னாங்க இது? வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்றது. முடியலன்னா முடியலன்னு சொல்றது. இதுல என்னய ஏமாத்தி உங்களுக்கு இன்னா வந்துச்சு?"

பெட்டியின் கண்ணாடி மூடியைத் திறந்து மூடினார். "வலிக்குதுதான். வலிய விடு" என்றார். "அது நின்னுபோன நாளுல உன் மூஞ்சி செத்துப்பூடுது. காலங்காத்தால அத பார்க்க என்னால ஆவல."

எந்தப் பெண்ணுக்கும் அங்கே மனசு கரைந்திருக்கும். எனக்குக் கோபம் இரண்டு மடங்காக ஏறியது. என் மூஞ்சி சிரிக்க வேண்டும் என்பதற்காக ஒரு கையை விட்டுக்கொடுக்க யார் சொன்னது? சோறு பிசைந்து போட நான் இருக்கிறேன், சட்டை மாட்டிவிட நான் இருக்கிறேன். நான் இல்லாத அன்றைக்கு இந்த மனுஷன் என்ன செய்வார்? அழுதுகொண்டேதான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கைய நீட்டுங்க" என்றேன்.

சமாதானம் ஆகிவிட்டேன் என்று நினைத்து வலது கையை நீட்டினார்.

"அது இல்ல" என்றேன்.