சின்னம்மாவுக்கு வந்த வருத்தம்

"குடும்பத்தில வேற ஆருக்கும் முந்தி வந்ததோ?" என்று கேட்டார் டாக்டர். யாழ்ப்பாணத்துக்காரர்.

"இல்லீங்க சார். எங்க பக்கம் யாருக்குமே இல்ல" என்றார் அம்மா, கொஞ்சமும் தயங்காமல்.

அக்காவின் மார்பில் கட்டி என்று கண்டி கிளினிக்குக்குக் கூட்டி வந்திருந்தோம். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, இதே வருத்தத்தில்தான், மார்பில் வந்த புற்றுநோயில்தான், போய்ச் சேர்ந்தார். கடைசியில் கண் மஞ்சளித்ததைப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் காமாலை என்று எங்கள் ஊரான கம்பளை முழுக்கச் சொல்லி வைத்திருந்தோம். புற்றுநோய்க் குடும்பம் என்று பெயரெடுத்தால் யார் பெண் கேட்டு வருவார்கள்? அந்த மாதம் என்னைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் என் முகத்தில் நானே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

அக்காவுக்கு ஒரு பக்க மார்பை எடுத்தார்கள். எனக்குக் கல்யாணம் நடந்தது, மகள் பிறந்தாள். மூன்றாம் வருஷம் அக்காவின் மறுபக்கத்திலும் கட்டி வந்தது. டாக்டர் பழைய கேள்வியையே திரும்பக் கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் அக்கா சின்னம்மாவைப் பற்றிச் சொல்லிவிட்டாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உடம்பில ஒரு மரபணு இருக்கு. அது உண்டாக்கிற புரதம்தான் கலத்தில, செல் எண்டு சொல்லுறதில, வாற பழுதைத் திருத்திறது. அந்த மரபணு பிழையாப் போனா, பழுதான கலமும் நிக்காமல் பிரிஞ்சுகொண்டே போகும். சில குடும்பங்களில இது பரம்பரையா வரும். அண்டைக்கு நான் கேட்டபோதே சொல்லியிருந்தா மற்றப் பக்கத்தையும் எடுக்க யோசிச்சிருக்கலாம்."

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எங்கள் இருவரின் இரத்தத்தையும் கொழும்புக்கு அனுப்பினார்கள். அக்காவிடம் இருந்த அதே பிழை என்னிடமும் இருந்தது. பிள்ளைக்கும் போயிருக்கலாமா என்று கேட்டேன். போயிருக்கலாம், பாதிக்குப் பாதி என்றார் டாக்டர்.

கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் கம்பளை பஸ்ஸுக்கு நின்றோம். தலையில் துணி கட்டிய அக்கா பெஞ்சில் சாய்ந்திருந்தாள். அம்மா என் காதருகே வந்தார்.

"வீட்டுல கேட்டா இரத்தம் கொறைவாம்னு சொல்லிரு. ஒனக்கும் பொம்பளப் புள்ள இருக்கு."

ஃபோன் அடித்தது. என் கணவர்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"எங்க சின்னம்மா மஞ்சக் காமாலையில சாகலீங்க" என்றேன்.

ஃபோனில், அவருக்குப் பின்னால் என் மகள் எதற்கோ அழும் சத்தம் கேட்டது.