பிலோமினாவின் ‘ழ’

பிலோமினாவுக்கு ‘ழ’ வராது என்று ஒரு வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தவறு. அவளுக்கு ‘ழ’ மிக நன்றாக வரும். வராதது எனக்கு.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை அவள் மகள் ஷீலா தொலைபேசியில், “ஆன்ட்டி, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க” என்றாள். மயிலாப்பூரிலிருந்து நான் கோட்டூர்புரத்தில் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அடையாறு இளைஞர் இசைக்குழுவின் அஞ்சலி எல்லோர் கைபேசியிலும் வந்துவிட்டது. அவள் பாடிய பாட்டை இரண்டு ஆண்டுகளுக்கு முன் மறுபடி பாடிப் புகழ்பெற்றவர்கள் அவர்கள். “முதலில் பாடியவரின் உச்சரிப்புப் பிழையைத் திருத்தும் பாக்கியம் எங்களுக்குக் கிடைத்தது” என்று எழுதியிருந்தார்கள். அவள் இன்னும் ஐஸ் பெட்டியில் இருந்தாள்.

அவளை அறிந்தவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன்.

அப்போது எங்கள் இருவருக்கும் இருபத்திரண்டு வயது. தி. நகரில் ஒரு வீட்டு மாடியில் ஒலிப்பதிவு. பாட்டு நான் எழுதியது. “உன் வீட்டு வழி தெரியும், ஆனாலும் வரமாட்டேன் போ” என்று கோபித்துக்கொண்ட பெண் பாடும் துள்ளல் பாட்டு. அப்பாவின் மாற்றல்களால் வடக்கே வளர்ந்து, கான்வென்டில் பிரெஞ்சு எடுத்தவள் நான். தமிழ் பேசுவேன், எழுதத் தெரியாது. அதனால் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ‘ல’வுக்கும் ‘ழ’வுக்கும் நான் போட்டது ‘l’ என்ற ஒரே எழுத்து.

பிலோமினா சாந்தோமில் தமிழ் வழியில் படித்தவள். அந்த வரிக்கு மேலே பென்சிலால் தமிழில் ‘வழி’ என்று எழுதிக்கொண்டவள், சந்தேகம் வந்து கேட்டாள்.

“இது வழியா, வலியா டீ?”

“வலி” என்றேன். என் காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“எழுதினவ நான். வலின்னா வலிதான்.”

கிட்டார்க்காரர் சிரித்தார். “இன்னாமா, வயித்து வலி மாரி ஊட்டு வலியா? பாட்டு குஜாலா கீது, வலி எங்கேர்ந்து வந்துச்சு?”

நான் அவரை முறைத்தேன். பிலோமினா ‘வழி’யை அடித்துவிட்டு ‘வலி’ என்று எழுதினாள். அப்படியே பாடினாள்.

இசைத்தட்டு வந்து பாட்டு ஊரெல்லாம் பரவிய பிறகு, அதைக் கேட்ட என் கணவர்தான் வலி வேறு, வழி வேறு என்று எனக்கு விளக்கினார். மறுநாளே அவளிடம் ஓடினேன். “விடு டீ. வீட்டு வலியாம், என்ன ஆழம், என்ன ஆழம்னு ஜனங்க உன்னைக் கவிஞராக்கிட்டாங்க. நீயா கெடுத்துக்காத” என்றாள். பிறகு மேடைகளில் “ழ வராதாம்மா?” என்று கேட்டவர்களிடமெல்லாம் “வராதுங்க” என்று சிரித்தாள். என்னிடம் குறை சொன்னதே இல்லை. நான் போகும்போது மட்டும் கதவைத் திறந்து, “வா வா, வலி தெரிஞ்சுதா?” என்பாள். அந்த ரோஷத்தில்தான் தமிழ் எழுதக் கற்றுக்கொண்டேன்.

அந்த இளைஞர்கள் அவளிடம் அனுமதி கேட்டு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். “மேம், அந்த வலிய வழின்னு மாத்திக்கலாமா?” என்றார்கள். “தாராளமா மாத்திக்கோங்கப்பா” என்றவள், ஒரு முறை என்னைப் பார்த்தாள். நான் பிஸ்கட் தட்டைப் பார்த்தேன். அவர்கள் போனதும், “காபி ஆறுது, குடி” என்றாள். நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய நாள் அது.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும், ஷீலா தன் தாயின் ஜெபப் புத்தகத்திலிருந்து ஒரு பழைய தாளை எடுத்து என் கையில் வைத்தாள். என் ஆங்கிலக் கையெழுத்து. மேலே அவளுடைய பென்சில். அடித்த கோடு மிக லேசானது. உள்ளே ‘வழி’ நன்றாகத் தெரிகிறது. அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தத் தாள்தான்.

குழுவினருக்கு: தாளின் நகலை இத்துடன் அனுப்புகிறேன். உங்கள் குறிப்பில் ‘பாடியவரின் பிழை’ என்பதை ‘எழுதியவரின் பிழை’ என்று மாற்றி, ரீட்டா என்று என் பெயரையும் போடுங்கள். மாற்றியதைத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம். என் காதை நான் நம்புவதில்லை. எழுத்தில் பதில் அனுப்புங்கள்.