நிஜக் கரண்ட், பொய்க் கரண்ட்

நல்லா இருக்கிற ஆளைக் கூப்பிட்டு, "உங்க தலையில கொஞ்சம் கரண்ட் வெக்கணும், வர்றீங்களா?" என்று கெஞ்சிப் பிழைப்பதைவிடப் பாவப்பட்ட தொழில் ஒன்று இருந்தால் சொல்லுங்கள். திண்டிவனத்தில் ஒரு மாடி அறையில் நான் அதைத்தான் செய்தேன். உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு ஸ்பாஞ்சுகளைத் தலையில் வைத்துக் கட்டி, பாட்டரியிலிருந்து துளியூண்டு மின்சாரம் விட வேண்டும். நோய்நொடி இல்லாதவர்களுக்கு அதனால் நினைவு கூடுகிறதா என்று ஒரு டாக்டரின் ஆராய்ச்சி. கூடினால் ஆராய்ச்சி நீளும், என் சம்பளமும் நீளும். கூலிக்கு மாரடித்த எல்லாருக்கும் இந்தக் கணக்கு புரியும்.

கரண்ட் இல்லாத ஊரில்

மின்வெட்டு உச்சத்தில் இருந்த சமயம். ஆள் பிடிக்க பஸ் ஸ்டாண்டில் நின்றேன். மரக்காணம் பஸ்ஸுக்குக் காத்திருந்த மீன்காரர் ஒருவர் நான் சொன்னதைப் பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்டார். எறும்பு ஊர்வதுபோல்தான் இருக்கும் என்றேன். பாதிப் பேருக்குப் பொய்க் கரண்ட்தான், மெஷின் ஓடும், ஒன்றும் வராது, யாருக்கு எது என்று எனக்கே தெரியாது என்பதையும் விதிப்படி சொன்னேன். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டார்.

"ஊட்டுக்குத்தான் கரண்ட் வர்ற மாதிரி ஏமாத்தறானுங்க, நீ தலைக்கும் ஆரம்பிச்சிட்டியா?"

எண்ணெய்

தானாகத் தேடி வந்தவள் மஞ்சுளா ஒருத்திதான். புடவைக் கடையில் வேலை. அரசு வேலைப் பரீட்சையில் இரண்டு முறை தவறியிருந்தாள். இந்த முறையும் போனால் படிப்பை மூட்டை கட்டிவிட்டு மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று வீட்டில் முடிவு. நினைவு கூடுமா என்றுதான் பார்க்கிறோம் என்று எத்தனை முறை சொன்னாலும், கூடும் என்பது மட்டும்தான் அவள் காதில் விழுந்தது.

முதல் நாள் தலை நிறைய எண்ணெயோடு வந்தாள். எண்ணெய்த் தலையில் கரண்ட் இறங்காது. சீயக்காய் போட்டு அலசிவிட்டு வரச் சொன்னேன். துணைக்கு வந்த அம்மாவுக்குக் கோபம்.

"கரண்ட் வெச்சா சூடு ஏறுமேன்னு நான்தான் தேச்சி வுட்டேன். நீ வெச்சிட்டுப் பூடுவ, தலைவலி வந்தா யாரு தைலம் தேய்க்கிறது?"

மொட்டை

அமாவாசைக்கு மறுநாள் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலிலிருந்து மொட்டைத் தலைகள் திரும்பும். முடியில்லை, எண்ணெயில்லை, சந்தனத்தைத் துடைத்தால் போதும். அங்காளம்மனே அனுப்பிவைத்த ஆட்கள் என்று மகிழ்ந்துபோய், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் வியாபாரி ஒருவரை உட்கார வைத்தேன். திரையில் ஒவ்வொன்றாக எண் வரும். அதற்கு இரண்டு எண் முன்னால் வந்ததும் இதேதானா என்று சொல்ல வேண்டும். நான்கைந்து எண்ணிலேயே எழுந்துவிட்டார்.

"போனது போச்சின்னு முடி குடுத்துட்டு வர்றேன் தம்பி, நீ போனதையே திருப்பிக் கேட்டுக்கினு கீற."

முடிவு

எல்லாம் முடிந்ததும் டாக்டர் வந்து, யாருக்கு எது என்று பிரித்துப் பார்த்தார். மஞ்சுளாவுக்கு வைத்தது நிஜக் கரண்ட். ஆனால் நிஜக்காரர்களுக்கும் பொய்க்காரர்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. திரும்பத் திரும்பச் செய்த பழக்கத்தில் எல்லாரும் கொஞ்சம் தேறியிருந்தார்கள், அவ்வளவுதான். இனி சம்பளம் நீளாது என்று நான் கலங்கினேன். டாக்டர் கலங்கவில்லை.

"பலன் இல்லன்னு தெரிஞ்சதும் ஒரு ரிசல்ட்தாம்ப்பா. ரூம் சாவிய ஓனர்கிட்ட குடுத்துடு."

மஞ்சுளா கேட்டது

அறையைப் பூட்டிக்கொண்டு இறங்கினால் மாடிப்படியில் மஞ்சுளா நிற்கிறாள். பரீட்சை முடிவு வந்திருந்தது. அவள் தேறவில்லை. கையில் கல்யாணப் பத்திரிகை. அதை நீட்டாமல், "எனக்கு வெச்சது பொய்க் கரண்ட்தானேண்ணா?" என்று கேட்டாள். நிஜம் என்றால், கரண்ட் வைத்தும் தேறாத மண்டை என்று காலமெல்லாம் தன்னையே நொந்துகொள்வாள். பொய்தான் என்றேன். அவள் முகம் தெளிந்தது. அதை என்னால் பார்க்க முடியவில்லை.

"அப்ப நெஜக் கரண்ட் வெச்சிருந்தா நான் பாஸ் பண்ணியிருப்பேன், இல்லண்ணா?"

அந்த மாடியில் ஒரு தலைக்காவது ஏதாவது ஏறியது என்றால், அது பாட்டரி இல்லாமல் நான் ஏற்றிய அந்தப் பொய்தான்.