வெள்ளைக் கால் ஈ

எங்கள் ஊர்ப் பீங்கான் கூடங்களில் களிமண்ணைக் கரைத்துத் தெளிய வைக்கும் தொட்டிகள் உண்டு. எழுபதுகளில் என் சாயங்காலங்கள் அவற்றின் ஓரத்தில்தான் கழிந்தன. நாற்பதைத் தாண்டிய கல்லூரி விலங்கியல் ஆசிரியன், கையில் வலையோடு ஈ பிடித்துக்கொண்டிருப்பேன். ஈ ஓட்டுகிறவனைக்கூட ஊர் மன்னித்துவிடும், பிடிக்கிறவனை மன்னிக்காது.

நெட்டைக்கால் ஈ என்று ஒரு வகை. பச்சையாக மினுங்கும் சின்ன உடம்பு, அதற்குப் பொருந்தாத நீளக் கால்கள். ஜீனஸ் என்கிற பேரினங்கள் சிலவற்றில் ஆண் ஈயின் கால்நுனி வெள்ளையாக இருக்கும். அதை ஆட்டித்தான் பெண்ணைக் கூப்பிடும். தொட்டியோரம் நான் பிடித்தவற்றுக்கு ஆறு கால்நுனியும் வெள்ளை. எந்தப் புத்தகத்திலும் இல்லாத அடையாளம். மணிமுத்தாற்றங்கரையில் பிடித்த வெறுங்கால் ஈக்களைப் பழைய பேரினத்தில் சேர்த்துவிட்டு, இவற்றுக்கென்று புதிதாக ஒரு பேரினமே கட்டினேன். அது நின்றால் டாக்டர் பட்டம். விழுந்தால் ஆய்வேடு முதலிலிருந்து. அதற்கு என்னிடம் தெம்பில்லை.

என் ஆய்வு நெறியாளர் மெட்ராஸிலிருந்து வருவதற்கு முந்தின நாள், தொட்டியிலிருந்து வீடு திரும்பினேன். வாசலிலேயே மனைவி மறித்தாள்.

“அப்படியே நில்லுங்க. வூடு பூரா வெள்ளைக் காலு வெக்காதீங்க. கழுவிட்டு வாங்க.”

சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். கணுக்கால் வரை ஒட்டியிருந்த வெள்ளைக் களிமண் பால் மாதிரி ஓடியது. அடியில் என் பழைய கறுத்த கால். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உலர்ந்த ஈயை நனைத்தால் கால் ஒடியும் என்று ஒன்றைக்கூட நான் நனைத்ததில்லை. ஈக்களைக் குத்தி வைத்த பெட்டியைத் திறந்து, தூரிகையால் ஒரு கால்நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தேன். சொட்டு வெளுத்தது, கால் கறுத்தது. இன்னொன்று. அதுவும். என் பேரினம் கரைந்துகொண்டிருந்தது. பெட்டியைக் கட்டிலடியில் தள்ளிவிட்டு ஜுரம் என்று படுத்தேன். பிறகு எழுந்துபோய் வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தேன். அதைத் தொட்டு ஈக்கு வெள்ளையடித்துவிடலாம். டப்பாவைத் திறக்காமலே விட்டேன். மறுபடி படுத்தேன்.

மனைவி நெற்றியைத் தொட்டாள். “சில்லுனுதான இருக்குது? ஈ எதனா கடிச்சிடுச்சா?”

“கடிக்கல. காலக் கழுவிட்டுப் போயிடுச்சு.”

காலையில் நெறியாளர் வந்தார். என்னைவிட வயதில் சிறியவர். கழுவிய ஈயையும் கழுவாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். லென்ஸில் பார்த்தார். டீ முழுவதையும் குடித்து முடித்தார்.

“சார், பழைய ஈதான். சாக்ஸ் போட்டிருக்கு.”

“அதுங்க நடந்து வந்த எடம் அப்படிங்க.”

சிரித்தார். நானும் சிரித்தேன், அவர் நிறுத்தின பிறகும். “முதல்லேருந்து எழுதுங்க சார்,” என்றார்.

அவர் போனதும், புதுப் பேரினத்துப் பெட்டியிலிருந்த ஈக்களை ஒவ்வொன்றாகப் பழைய பேரினத்துப் பெட்டிக்கு மாற்றினேன். அத்தனை நாள் ஒடியாத கால்கள் அப்போதுதான் ஒடிந்தன.

சாயங்காலம் வலையை எடுத்தேன்.

“மறுபடியுமா?” என்றாள் மனைவி.

இந்தத் தடவை ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொண்டேன்.