மகளிர் அணிக்கு இருபது பேர்

கோபம் வந்தால் தேவகனி கத்த மாட்டாள், காரியத்தில் இறங்கிவிடுவாள். குளச்சல்காரி, ஓமன் நாட்டுச் சலாலாவில் பதினோரு வருடமாக நர்ஸ். எங்கள் தமிழ் மன்றத்து மகளிர் அணிக்கு அவள்தான் செயலாளர். அணி என்றால் என்னையும் சேர்த்து மொத்தம் ஏழு பேர்!

போன ஜனவரியில் மன்றத் தலைவர் ஸ்ரீனிவாசன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மாசக் கடைசிக்குள்ள இருபது பேர் இல்லைன்னா அணியைக் கலைச்சிடலாம்மா. விழாவுக்குச் சமைக்க நாலு பேர் இருந்தா போதும்."

ட்யூட்டி, ரூம், மறுபடி ட்யூட்டி என்று கிடக்கும் தேவகனிக்கு மனம்விட்டுச் சிரிக்க மாதத்தில் அணி கூடும் அந்த இரண்டு மணி நேரம்தான் உண்டு. அதையும் பிடுங்கப் பார்த்தார்கள்.

நாங்கள் வழக்கம்போல பிரியாணி, பாட்டுப் போட்டி, போஸ்டர் என்று ஆரம்பித்தோம். தேவகனி தடுத்தாள். "தின்னுட்டுக் கையக் கழுவிட்டுப் போயிருவினும். ஏன் வரேல்லன்னு ஒருத்தியையாவது கேட்டியளா?"

கேட்டதில்லை. மறுநாள் அவளே, கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஜொஹராவை மடக்கினாள். ஜொஹராவின் கணவர் கௌஸ் முகைதீன் இங்கே துணிக்கடை வைத்திருக்கிறார், மன்றத்தில் உறுப்பினர்.

"மாசாமாசம் மெசேஜ் அனுப்புதோம். ஏன் வரமாட்டேங்கிய?"

"எனக்கு ஒண்ணும் வரலியே. பொம்பளைங்களுக்குன்னு ஒண்ணு இருக்கதே இப்பத்தான் தெரியுது."

தேவகனி அங்கேயே போனில் பட்டியலைத் திறந்தாள். எங்கள் ஏழு பேரைக் கழித்தால் முப்பத்தொன்பது எண்கள். அத்தனையும் கணவன்மார்களுடையவை. மன்றத்தில் சேரும்போது குடும்பத்துக்கு ஒரு எண் கேட்பார்கள். வீட்டுக்காரர் தன்னுடையதைக் கொடுத்துவிடுவார். ஆக, எட்டு வருடமாக நாங்கள் ஆண்பிள்ளைகளைத்தான் கோலப்போட்டிக்கு அழைத்துக்கொண்டிருந்தோம்.

போஸ்டர் வேலை அன்றே நின்றது. "ஆளுக்கு ரெண்டு பேர், மூணு வாரம்," என்றாள். "நேர்ல போய் அவளுக்க பேரு, அவளுக்க நம்பர், எப்ப கை ஒழியும்னு எழுதிட்டு வரணும். வேற ஒண்ணும் செய்யாண்டாம்."

என்னுடைய இரண்டாவது ஆளுக்காக நான்கு நாள் பள்ளிப் பேருந்து நிற்கும் இடத்தில் நின்றேன். நடுவே தேவகனி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு, "நீ இன்னும் ஒண்ணுலயே நிக்கிய," என்று மானத்தை வாங்குவாள். கூட்டம் நடக்கும் வெள்ளிக்கிழமை இங்கே விடுமுறை, வீட்டுக்காரர் இருப்பார், வெளியே வர முடியாது என்று பாதிப் பேர் சொன்னார்கள். உடனே கூட்டத்தைச் செவ்வாய் காலை பத்து மணிக்கு மாற்றினாள். அதற்காகத் தன் ட்யூட்டியையும் மாற்றிக்கொண்டாள். அவரவர் போனுக்கே மெசேஜ் போனது.

கடைசிச் செவ்வாயன்று ஸ்ரீனிவாசன் ஆபீசில் பர்மிஷன் போட்டுவிட்டு எண்ணிப் பார்க்க வந்தார். நம்பிக்கை இல்லை போலிருக்கிறது. தேவகனி அசையவில்லை. "எண்ணிக்கிடுங்க சார்," என்று கைகட்டி நின்றாள்.

விரலை நீட்டி ஒவ்வொரு நாற்காலியாக எண்ணிக்கொண்டு வந்தவர் பதினெட்டில் நின்றுவிட்டார். அதில் அவர் மனைவி வைஜெயந்தி உட்கார்ந்திருந்தார்.

"நீ எப்படி இங்க?"

"எனக்கு மெசேஜ் வந்துச்சு," என்றார் வைஜெயந்தி. "நிறுத்தாதீங்க. எனக்கு அப்புறம் இன்னும் மூணு பேர் இருக்காங்க."