பன்னிரண்டாவது பாத்தி

சாந்தாமேரி டீச்சருக்குக் காப்பி இலையை விரலால் தடவிப் பார்த்தே என்ன நோய் என்று சொல்லத் தெரியும். கேழ்வரகுப் பயிரைத்தான் தெரியாது. இதை எழுதினால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரே நூறு பேரிடம் சொன்ன கதைதான்.

நான் மரியஅந்தோணி. நாலாம் வகுப்போடு சிலேட்டைத் தூக்கிப் போட்டவன். இன்று ஏற்காட்டில் மூன்று ஜீப்புக்கும் ஒரு லாரிக்கும் சொந்தக்காரன். ஒருவனும் எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவிலும் என்னைப் போல வண்டி ஓட்ட இன்றைக்கும் ஆள் கிடையாது. எழுபத்தொன்பதில் என்னிடம் ஒரே ஒரு பழைய ஜீப்தான் இருந்தது. மிஷன் பள்ளி ஹாஸ்டலுக்குச் சேலத்திலிருந்து அரிசி ஏற்றிவந்தது அதில்தான்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் பாதை சரிந்து ஆறு நாள் வண்டி ஓடவில்லை. ஏழாம் நாள் ஜீப்பைச் சரிவுக்குக் கீழே நிறுத்திவிட்டு, மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அந்தச் சேற்றின் மேலேயே நடந்து வந்தேன். இன்றைய டிரைவர்கள் யாராவது நடப்பார்களா, கேட்டுப் பாருங்கள். ஹாஸ்டல் வாசலில் நாற்பது பிள்ளைகள் தட்டோடு நின்றார்கள். தையல் டீச்சர் சாந்தாமேரி மூட்டையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க அந்தோணி, மலைக்காரங்க அவங்க பாட்டுக்கு இங்க வெளையறதத் தின்னுக்கிட்டு இருக்காங்க. நாம மட்டும் எதுக்குங்க ஜீப்பு வருதான்னு பாத்துக்கிட்டு நிக்கறோம்?"

பதில் தெரிந்திருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். அரிசி ஏற்றுவது என் பிழைப்பு.

அடுத்த ஜூனில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு ஹாஸ்டல் பின்புறச் சரிவில் பன்னிரண்டு பாத்தி பிரித்துக் கொடுத்தார். கேழ்வரகு விதைத்தார்கள். கடையில் விற்கும் மூட்டை உரம் கூடாது என்று ஒரே பிடிவாதம். சமையல்கட்டுக் கழிவும் காப்பிப் பழத் தோலும் ஒரு குழியில் மக்கிக் கிடந்தன. சாணியை நான் ஏற்றிவந்து கொட்டினேன். வாடகை ஜீப்பில் சாணி ஏற்றியவன் இந்த மலையில் நான் ஒருவன்தான்.

ஆனால் டீச்சர் பிறந்து வளர்ந்தது எஸ்டேட் கூலிக்காரர்களின் லயக் குடியிருப்பில். அப்பா காப்பிப் பழம் உரிக்கும் மெஷினில் வேலை பார்த்தவர். வீட்டில் ரேஷன் அரிசி. கேழ்வரகை மாவாகத்தான் கண்டிருக்கிறார். நாலாவது வாரம் களையெடுக்கும்போது பாத்தியில் இரண்டு விதமாகப் பயிர் நின்றது. இரண்டும் அக்கா தங்கை மாதிரி. இழுத்துப் பார்த்தார். ஒன்று சுலபமாக வந்தது, இன்னொன்று அசையவில்லை. கெட்டியாக வேர் பிடித்திருப்பதுதான் பயிர், மற்றதைப் பிடுங்குங்கள் என்றார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். சரியாகத்தான் பட்டது.

பதினோரு பேர் அப்படியே செய்தார்கள். கடைசிப் பாத்தி காளியாயியுடையது. கொட்டச்சேட்டு மலைக்கார விவசாயி ஐயாக்கண்ணுவின் மகள். வந்த முதல் வாரம் வீட்டில் களி தின்போம் என்று சொல்லிவிட்டாள், அன்றிலிருந்து எல்லோரும் அவளைக் 'களி' என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் நேர்மாறாகப் பிடுங்கிக் குவித்திருந்தாள்.

"டீச்சர், இதுதானுங்க புல்லு."

"களிக்குத் தெரியாததா டீச்சர்?" என்றது ஒரு குரல். பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துவிட்டார். பிறகு, சொன்னபடி கேட்கவில்லை என்று மத்தியானம் வரைக்கும் பாத்தி ஓரத்தில் முட்டி போட வைத்தார்.

சனிக்கிழமை ஊருக்குப் போன காளியாயி திங்கட்கிழமை வரவில்லை. அதற்கு அடுத்த திங்களும் வரவில்லை. இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை.

புரட்டாசியில் கதிர் வந்தது. பாத்தி பாத்தியாக விரல் விரித்த மாதிரி கதிர். டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சமையற்காரப் பாவாயியைக் கூப்பிட்டுக் காட்டினார். பாவாயி ஒரு கதிரை உள்ளங்கையில் கசக்கி ஊதினாள். கையில் ஒன்றும் நிற்கவில்லை.

"ஏனுங்க டீச்சர், ஆட்டுக்குப் போடறதுக்குங்களா இத வளத்துனீங்க? நொம்ப நல்லா வந்திருக்குது."

கடைசிப் பாத்தியில் மட்டும் கதிர் கைவிரலை மடக்கிய மாதிரி கனத்துத் தொங்கியது. டீச்சர் இரண்டு விதத்திலும் ஒவ்வொன்றை வேரோடு பிடுங்கிச் சேர்த்து வைத்துப் பார்த்தாராம். அதற்குள் பள்ளியை நடத்தும் பெரிய சிஸ்டர் இன்னொன்று சொன்னார்: சனிக்கிழமைக்குள் காளியாயி வராவிட்டால் ரிஜிஸ்டரில் பெயரை அடித்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை டீச்சர் என் ஜீப்பில் ஏறினார். மடியில் ஒரு துணிப்பை. கொட்டச்சேட்டில் எஸ்டேட் கேட்டோடு பாதை முடிந்துவிடும், மீதி நடை. ஐயாக்கண்ணு வாசலில் கூடை பின்னிக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சரம்மா. மறுக்கா முட்டி போட வெக்கறதுக்குங்களா?"

டீச்சர் பையிலிருந்து இரண்டு பயிரை வேரோடு எடுத்துத் தரையில் வைத்தார். "நான் பிடுங்கச் சொன்னது பயிருங்க. விட்டுவெக்கச் சொன்னது புல்லு."

ஐயாக்கண்ணு பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இந்தப் புல்ல இழுத்தா என்ற கையே உரிஞ்சு போகும். கேவுருப் பயிரு பாவம், இழுத்த இழுப்புக்கு வரும். நீங்க இழுத்துப் பாத்து ஏமாந்திருக்கறீங்க."

"ஆமாங்க."

"இவரு யாரு, உங்களுக்கு யோசன சொன்னவருங்களா?"

நான் ஜீப்காரன் என்றேன். நானும் பக்கத்தில் நின்றதைச் சொல்லவில்லை.

கதவோரத்திலிருந்து காளியாயியின் குரல் வந்தது. "அன்னிக்கே சொன்னனுங்க."

"சொன்ன கண்ணு. நான் கேக்கல."

"கேக்காததுகூடப் பரவால்லீங்க. நீங்களும் சேந்து சிரிச்சீங்க."

டீச்சரின் முகத்தை நான் பார்க்கவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். "சிரிச்சேன், சாமி. தப்புத்தான்," என்ற குரல் மட்டும் கேட்டது. "நாளைக்கு வரலைன்னா பேர அடிச்சுருவாங்க. வந்துரு."

ஐயாக்கண்ணு கூடையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "எனக்கு அவ ஊட்டுல இருந்தா ஆடு மேயும். போனா நாலெழுத்து வரும். முட்டி போட்டது அவளுங்க. அவளையே கேளுங்க."

காளியாயி வெளியே வந்து இரண்டு பயிரையும் கையில் எடுத்தாள். "நான் முட்டி போட்ட எடத்துல, எல்லார்த்துக்கும் முன்னால இதச் சொல்லோணும்."

"சொல்றேன்."

"என்ற பாத்திக் கதிர நாந்தான் அறுப்பேன்."

"நீதான் அறுக்கற."

அன்று மாலையே அவளை ஜீப்பின் முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிவந்தேன். முன் சீட்டு எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டருக்கே நான் கொடுக்காதது.

மறுநாள் காலை பாத்தியோரத்தில் ஏழாம் வகுப்பு நின்றது. டீச்சர் தன் தப்பைச் சொன்னார். சுற்றி வளைக்காமல், கொட்டச்சேட்டில் சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னார். சிரித்ததையும் சேர்த்துச் சொன்னார். பிறகு, "எப்படிக் கண்டுபிடிக்கறது, நீ சொல்லு கண்ணு," என்றார்.

"தண்டோட அடியப் பாக்கோணுங்க. வெள்ளையா சப்பையா இருந்தா புல்லு. நின்னுக்கிட்டுப் பாத்தா தெரியாது."

டீச்சர் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஈரமண்ணில் முட்டி போட்டார். அவரைப் பார்த்துப் பதினோரு பேரும் முட்டி போட்டார்கள். காளியாயி மட்டும் நின்றுகொண்டு ஒவ்வொருவரிடமும் போய்க் காட்டினாள்.

காளியாயி பாத்தியில் மூன்று படி கேழ்வரகு கிடைத்தது. பாவாயி களி கிண்டலாம் என்றாள், பிள்ளைகளும் அதே பாட்டு. காளியாயி விடவில்லை. விதைக்கென்று சாம்பல் கலந்து ஒரு பானையில் கட்டி வைத்தாள். டீச்சர் அவள் பக்கமே நின்றார். பதினோரு பாத்திப் புல்லும் ஹாஸ்டல் பசுவுக்குப் போனது.

மறு ஜூனில் அந்த விதைதான் பன்னிரண்டு பாத்திக்கும். களையெடுக்கும் நாளில் நான் சாணி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தேன். சரிவு முழுக்க ஒரே சத்தம்.

"காளியாயி, இங்க வா. இது புல்லா, பயிரா?"

"காளியாயி, எனக்கு மொதல்ல."

மூன்றாவது பாத்தியில் முட்டி போட்டிருந்த டீச்சரும் கையைத் தூக்கிக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தார்.